டிரைவர் லைசென்ஸ் எல்லை தாண்டும், டீச்சர் சான்றிதழ் தாண்டாதாம்!

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் ரோடு எப்படிப்பட்டது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நடுவில் கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டில் அறுபது உயிர்களை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டுகிற டிரைவர் பெங்களூரில் லைசென்ஸ் எடுத்தவராக இருக்கலாம், பாலக்காட்டில் எடுத்தவராகவும் இருக்கலாம். ஒருவரும் ஆட்சேபிக்க முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு மாநிலத்தில் வாங்கிய லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும்.

அதே பஸ்ஸில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கர்நாடகாவில் இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி முடித்து, அந்த மாநிலத்து ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியவள். கல்யாணமாகி இங்கே வந்துவிட்டாள். மலைமேல் இருக்கும் அரசுப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தர அவளுக்குத் தகுதி கிடையாது. அறுபது பேர் உயிரை நம்பி ஒப்படைக்கலாம், அரிச்சுவடியை ஒப்படைக்கக்கூடாது! இதுதான் இன்றைய நியாயம்.

இந்த வலைப்பூவில் பழைய கதைகளை எழுதுவதே என் வழக்கம். இன்று கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போலப் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் என்பதால் விஷயம் உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போகிற மருமகள், உங்கள் வீட்டிலிருந்து போகப்போகிற மகள் இரண்டு பேரும் இதில் சம்பந்தப்பட்டவர்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்துக்கு, அதாவது நாம் என்.சி.டி.இ. என்று சொல்வதற்குத் தரப்பட்டது. அந்தக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பயிற்சி முடித்தால் மட்டும் போதாது, டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும் என்றது. 2011 பிப்ரவரியில் அந்தத் தேர்வை எப்படி நடத்த வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறை வந்தது. மத்திய அரசு தன் பள்ளிகளுக்காக ஒரு டெட் நடத்தும், மாநிலங்கள் தங்கள் பள்ளிகளுக்காகத் தனித்தனியாக நடத்தும் என்று அதில் இருக்கிறது.

எல்லா மாநிலத்திலும் தேர்வின் அமைப்பு ஒன்றுதான். முதல் தாளுக்கு 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, இரண்டாம் மொழி 30, கணக்கு 30, சூழ்நிலையியல் 30. அறுபது சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநிலம் சலுகை கொடுக்கலாம். நம் மாநிலத்தில் 2014-இல் ஐந்து சதவீதம் குறைத்தார்கள். பெங்களூரில் எழுதினாலும், திருவனந்தபுரத்தில் எழுதினாலும், சென்னையில் எழுதினாலும் அளவுகோல் இதேதான்.

பயிற்சியும் அப்படித்தான். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை இந்தியாவில் எந்த நிறுவனம் நடத்துவதானாலும் அதே என்.சி.டி.இ.யின் அங்கீகாரம் வேண்டும். மைசூரில் இருக்கும் பயிற்சி நிறுவனத்துக்கும் வடலூரில் இருக்கும் பயிற்சி நிறுவனத்துக்கும் அங்கீகாரம் கொடுப்பது ஒரே அமைப்பு. அப்படியிருக்க, அந்த அமைப்பு அங்கீகரித்த பட்டயத்தை மாநில எல்லை தாண்டியதும் மறுபடி மதிப்பீடு செய்வது எதற்கு? ஒரே தராசில் நிறுத்த அரிசியை ஊர் எல்லையில் வைத்து மறுபடி நிறுத்துப் பார்ப்பது போலத்தான் இது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2011 நெறிமுறையிலேயே, வேறொரு மாநிலத்தில் டெட் தேறியவரின் தகுதியையும் ஒரு மாநிலத்துப் பள்ளி கருத்தில் கொள்ளலாம் என்று வாசல் திறந்துதான் வைத்திருக்கிறார்கள். கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது, கொள்ள வேண்டும் என்று இல்லை. சர்க்கார் பாஷையில் இந்த இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நம் ஆசிரியர் தேர்வு வாரியம் இடைநிலை ஆசிரியர் பணிக்கு அறிவிப்பு வெளியிட்டால், தமிழ்நாடு டெட் முதல் தாளில் தேறியிருக்க வேண்டும் என்றே கேட்கிறது. மத்திய அரசின் சி.டெட் தேறியவருக்கும் இதே கதிதான். சி.டெட்டில் தமிழை மொழித் தாளாக எடுத்து எழுதலாம். கேரளத்தின் கே-டெட்டிலும் முதல் மொழியாகத் தமிழை எடுக்கலாம். தமிழிலேயே எழுதித் தேறிய தமிழச்சி தமிழ்நாட்டுக்கு வந்தால் தகுதி போய்விடும். என்ன கூத்து இது?

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கோலார் தங்கவயலில் பிறந்தவள். அந்த ஊரின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்தில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம் பக்கமிருந்து சுரங்கத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் அங்கேயே வேர் விட்டார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வேலை போனாலும் ஊர் போகவில்லை. இன்றைக்கும் அங்கே தமிழ்தான் பேச்சு. நம் பக்கத்தோடு கொள்வினை கொடுப்பினையும் விட்டுப்போகவில்லை.

அப்படித்தான் இவளும் சின்னசேலம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தாள். மாமனார் வீட்டில் கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் கரும்பு. பத்தாம் வகுப்பு வரை தமிழைப் பாடமாகப் படித்தவள், கர்நாடகாவில் பி.யூ.சி., பிறகு ஆசிரியர் பயிற்சி, பிறகு அந்த மாநில டெட். எல்லாவற்றையும் முதல் முயற்சியிலேயே முடித்தவள். என்னிடம் வந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினாள்.

"சார், இதையெல்லாம் வச்சு இங்க என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

நான் விசாரித்துச் சொன்ன பட்டியல் இது. பத்தாம் வகுப்புக்கு இணைத்தன்மைச் சான்று. பி.யூ.சி.க்கு இணைத்தன்மைச் சான்று. இடப்பெயர்வுச் சான்று. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்துக்கு மதிப்பீட்டுச் சான்று. எல்லாச் சான்றிதழுக்கும் உண்மைத்தன்மை. இதெல்லாம் கிடைத்த பிறகு தமிழ்நாடு டெட் புதிதாக எழுத வேண்டும். அதில் தேறினால் நியமனத்துக்கான போட்டித் தேர்வு. 2018-இல் போட்ட அரசாணைப்படி டெட் தேறினால் மட்டும் வேலை இல்லை, தனியாகப் போட்டித் தேர்வும் உண்டு. அதனுடன் தமிழ்த் தகுதித் தாள்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்: "அங்க நான் டீச்சர் சார். பஸ்ல ஆறு மணி நேரம் வந்தேன், இங்க நான் பிளஸ் டூ படிச்ச பொண்ணு."

மதிப்பீட்டுக்கும் உண்மைத்தன்மைக்கும் அவள் அலைந்த அலைச்சலை விவரமாக எழுதப் போவதில்லை. இந்த மாநிலத்தில் ஓர் அலுவலகம், அந்த மாநிலத்தில் ஓர் அலுவலகம். இவர்கள் எழுதிய கடிதம் வரவில்லை என்று அவர்கள் சொன்னார்கள், அவர்கள் பதில் அனுப்பவில்லை என்று இவர்கள் சொன்னார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்ணின் மூன்று வருடம் போய்விட்டது. இப்போது ஒரு நர்சரி பள்ளியில் வேலை பார்க்கிறாள். கொடுக்கிற சம்பளத்தைச் சொன்னால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் சிரிப்பார்கள்.

"மறுபடி ஒரு பரீட்சைதானே, எழுதிவிட்டுப் போகட்டுமே" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கணக்கு வைக்கிறேன். அதே நெறிமுறை, வருடத்துக்கு ஒரு முறையாவது டெட் நடத்த வேண்டும் என்று சொல்கிறது. நம் மாநிலத்தில் நடந்தது என்ன? 2012 ஜூலையில் முதல் தேர்வு. 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதி 2,500 பேர் கூடத் தேறவில்லை, அதனால் அக்டோபரிலேயே மறுதேர்வு வைத்தார்கள். பிறகு 2013. அதற்குப் பிறகு எல்லோருக்குமான தேர்வு 2017-இல்தான். பிறகு 2019. பிறகு 2022 அறிவிப்பு, அதிலும் இரண்டாம் தாள் 2023-க்குப் போய்விட்டது. பிறகு 2025 நவம்பர். பதிமூன்று வருடத்தில் ஏழு முறை. 2013 தேர்வு முடிந்த மறுமாதம் கல்யாணமாகி இங்கே வந்த பெண் 2017 வரை காத்திருந்திருக்க வேண்டும். அதற்குள் மடியில் ஒன்று, இடுப்பில் ஒன்று. படித்தது பாதி மறந்திருக்கும். மத்திய அரசின் சி.டெட் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. அதை ஏற்கவும் மாட்டோம், நம்முடையதை ஒழுங்காக நடத்தவும் மாட்டோம் என்றால் என்ன அர்த்தம்?

முதலில் டெட் சான்றிதழ் ஏழு வருடம் செல்லும் என்றார்கள். 2021 ஜூனில் மத்திய கல்வி அமைச்சகம் அது ஆயுளுக்கும் செல்லும், 2011 முதல் வாங்கிய சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும் என்று அறிவித்தது. நல்ல முடிவு. இப்போது நிலைமை என்ன? சான்றிதழ் சாகும் வரை செல்லும், ஓசூர் வரைக்கும்தான் செல்லாது.

2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற, ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும், இல்லையென்றால் வேலையில் தொடர முடியாது. ஐந்து வருடத்துக்குள் ஓய்வுபெறுகிறவர்கள் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையினர் பள்ளிகள் பற்றிய கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. இருபது வருடம் சாக்பீஸ் பிடித்தவர்கள் மகனோடு உட்கார்ந்து கைடு புரட்டுகிறார்கள். அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்று இங்கே பேச வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். டெட் அவ்வளவு முக்கியமானது, நாடு முழுக்க ஒரே தரத்துக்கான அளவுகோல் என்றால், அதில் தேறியவர் நாடு முழுக்கத் தேறியவர்தானே? கட்டாயம் என்று வரும்போது இந்தியா முழுக்க ஒரே தேர்வு, மதிப்பு என்று வரும்போது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வாங்குகிற கைக்கு ஒரு படி, கொடுக்கிற கைக்கு ஒரு படி.

பழைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்களைப் பிரித்தபோது, மலபார் சென்னை மாகாணத்திலிருந்து கேரளத்துக்குப் போனது. தென் கன்னடம் மைசூருக்குப் போனது. திருவாங்கூரிலிருந்து கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மிடம் வந்தன. 1960 ஏப்ரலில் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்மிடம் வந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இருந்த வாத்தியார்கள் முதல்நாள் சாயங்காலம் ஒரு மாநிலத்தில் பள்ளியைப் பூட்டி, மறுநாள் காலை வேறு மாநிலத்தில் திறந்தார்கள். நாகர்கோவில் வாத்தியாரை "நீ திருவாங்கூர் பயிற்சி, உனக்குத் தகுதி இல்லை" என்று யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அரசு ஊழியர்களின் பணி நிலைமைகளைக் காப்பதற்கு மாநில மறுசீரமைப்புச் சட்டத்திலேயே பிரிவு எழுதி வைத்தார்கள். கோடு மனிதரைத் தாண்டினால் தகுதி அப்படியே இருக்கும். மனிதர் கோட்டைத் தாண்டினால் தகுதி போய்விடும். இதற்கு யாராவது எனக்கு விளக்கம் சொல்லட்டும்.

மற்றத் தொழில்களைப் பாருங்கள். வக்கீலுக்கு 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம். ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் வேறு மாநிலத்துக்குப் போனால், அந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி பெயரை மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் கூட இல்லை. உயிரையும் சொத்தையும் வாதாடிக் காப்பாற்றுகிறவருக்கு ஒரு விண்ணப்பம் போதும். வாய்ப்பாடு சொல்லித் தருகிறவருக்கு மட்டும் ஆறேழு சான்றிதழும் இரண்டு பரீட்சையும்.

வெளிநாட்டிலும் இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆசிரியர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ராணுவத்தில் இருப்பவரைச் சில வருடங்களுக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாற்றுவார்கள், கூடப் போகிற மனைவி ஆசிரியையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் புதிதாக உரிமம் வாங்க வேண்டியிருந்தது. அதற்காகச் சில மாநிலங்கள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதின. பத்து மாநிலங்கள் சேர்ந்ததும் 2023-இல் அது உயிர் பெற்றது. ஆஸ்திரேலியாவில் 1992-லேயே மாநிலங்களுக்குள் பரஸ்பர அங்கீகாரச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கெல்லாம் மாநில உரிமை போய்விட்டதா? இல்லை. மாநிலங்கள் தாமே உட்கார்ந்து பேசித் தாமே ஒப்புக்கொண்டன.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படி எழுதினால் "நீங்கள் டெல்லிக்கு வக்காலத்தா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் 42-ஆவது திருத்தம் போட்டுக் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போனதை நான் இன்றும் ஏற்கவில்லை. எல்லாத் தேர்வையும் டெல்லியே நடத்தட்டும் என்று நான் கேட்கவில்லை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவை தங்களுக்குள் பேசி, உன் டெட்டை நான் மதிக்கிறேன், என் டெட்டை நீ மதி என்று ஒப்புக்கொள்ளட்டும் என்கிறேன். இதைவிட மாநில சுயமரியாதை வேறென்ன இருக்கிறது?

எதிர்த்தரப்பு சொல்வதையும் நேர்மையாகப் பார்த்துவிடுவோம்.

முதல் வாதம், மொழி. "வெளிமாநிலத்தில் படித்தவருக்குத் தமிழ் தெரியுமா?" நியாயமான கேள்வி. தமிழ் தெரியாதவர் கையில் நம் பிள்ளைகளை ஒப்படைக்க நானும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் அதற்குத்தான் 2021 டிசம்பர் அரசாணைப்படி தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறதே. அதை வையுங்கள், கடினமாகக்கூட வையுங்கள். தமிழ் தெரியுமா என்று பார்க்க, குழந்தை உளவியலையும் கூட்டல் கழித்தலையும் மறுபடி கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம், போலிச் சான்றிதழ். இதுவும் உண்மையான பயம்தான். வெளிமாநிலப் பெயரில் காசுக்குப் பட்டம் வாங்கி வந்தவர்களை நாம் பார்க்காமலா இருந்தோம்? ஆனால் போலியைப் பிடிக்கிற வேலை யாருடையது? அரசுடையது. உண்மைத்தன்மை என்ற சொல்லைக் கேட்டாலே நம் வயது ஆசிரியர்களுக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளூரிலேயே படித்து உள்ளூரிலேயே வேலை பார்த்த நாமே பணிவரன்முறைக்கும் தேர்வுநிலைக்கும் அந்த ஒரு காகிதத்துக்காகக் காத்துக் கிடந்திருக்கிறோம். அப்போது எல்லாம் தபால். இப்போது டிஜிலாக்கர் இருக்கிறது, சி.டெட் சான்றிதழ் அதில்தான் வருகிறது. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கேட்டு ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம். போலிக்காரன் எப்படியோ நுழைந்துவிடுகிறான். வரிசையில் நின்று வெந்து போகிறவர்கள் உண்மையான சான்றிதழ் வைத்திருப்பவர்கள்தான்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "2013-இல் டெட் தேறியவர்களே வேலை கிடைக்காமல் போராடுகிறார்கள். இதில் வெளிமாநிலத்தாரையும் உள்ளே விட்டால் நம் பிள்ளைகள் கதி?" அந்தப் பிள்ளைகள் சென்னையில் வெயிலில் உட்கார்ந்ததைப் பார்த்து மனம் நொந்தவன் நான். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. நான் கேட்பது வேலையை அல்ல, வரிசையில் நிற்கும் உரிமையை மட்டும். போட்டித் தேர்வு எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கும், தமிழ்த் தாளும் இருக்கும். அதைத் தாண்டி வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் நம் மருமகள்கள், பிழைக்கப் போய்த் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள். வேலை இல்லாததற்குக் காரணம் தங்கவயலிலிருந்து வந்த பெண் அல்ல, காலிப் பணியிடத்தை நிரப்பாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போடுவது. கோபத்தைச் சரியான முகவரிக்கு அனுப்ப வேண்டும்.

இனி நம் மலைக்கு வருகிறேன். இந்த விஷயம் அங்கேதான் வயிற்றில் அடிக்கிறது.

கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்து, 1976-இல்தான் முழுக்க அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சமவெளியில் நூறு வருடமாகப் பள்ளிக்கூடம் இருந்தபோது மலையில் பாதையே கிடையாது. அதனால் படிப்பில் அவர்கள் தாமதமாகத் தொடங்கினார்கள். நான் 1980-களில் மலைமேல் வேலை பார்த்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் கீழே இருந்து வந்தவர்கள். மலைக்கு உத்தரவு வந்த அன்றே கீழே இறங்குவதற்கு மனு எழுதிவிடுவார்கள். இன்றும் பெரிய மாற்றம் இல்லை. கலந்தாய்வு வந்தால் முதலில் காலியாவது மலைப் பள்ளிதான். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஆனால் மலையிலேயே வாழ்கிற ஓர் ஆசிரியர், அந்தப் பிள்ளைகளின் பேச்சு புரிந்த ஓர் ஆசிரியர் இருந்தால் அந்தப் பள்ளி எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மலையில் வேலை இல்லாததால் ஜனங்கள் குடும்பத்தோடு கர்நாடகத்துக் காபித் தோட்டத்துக்கும் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் போகிறார்கள். சில பிள்ளைகள் இங்கே உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கும், சில பிள்ளைகள் பெற்றோருடனே போய் அங்கே படிக்கும். அப்படிப் போன குடும்பத்துப் பெண் ஒருத்தி தட்டுத் தடுமாறி அங்கேயே படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, டெட்டும் தேறி, சொந்த மலைக்கே திரும்பி வருகிறாள் என்று வையுங்கள். மேளதாளத்தோடு வரவேற்று, இந்தா அம்மா பள்ளிக்கூடம் என்று சாவியைக் கொடுக்க வேண்டாமா? நாம் அவளிடம் இணைத்தன்மைச் சான்று கேட்போம்.

அவளுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. மலையாளி இனத்தவருக்குப் பழங்குடிப் பட்டியலில் இடம் இருப்பது சில மாவட்டங்களுக்கு மட்டும்தான். தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி என்ற பழைய மாவட்டப் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. நம் மலை தென் ஆற்காடாக இருந்ததால் தப்பித்தது. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிகள் அதே இனம், அதே குலதெய்வ வழக்கம், ஆனால் பழங்குடி இல்லை. பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாநிலத்துக்குள்ளேயே இந்தக் கதை. மாநிலம் தாண்டினால் பழங்குடிச் சலுகை கூட வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. ஆகவே கர்நாடகாவில் டெட் எழுதும்போது அவளுக்கு மதிப்பெண் சலுகை கிடைக்காது. பொதுப் பிரிவோடு போட்டியிட்டு அறுபது சதவீதம் வாங்கித் தேற வேண்டும். இங்கே பழங்குடிச் சலுகையோடு தேறியிருக்கக்கூடியவள், சலுகையே இல்லாமல் தேறி வருகிறாள். அதிகம் சாதித்தவளைத்தான் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்புகிறோம்.

2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவு நடந்த பிறகு இந்த மலையின் நிலைமை நாடு முழுக்கப் பேச்சானது. உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி வழக்கு எடுத்தது. எல்லோரும் ரோடு என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், மாற்றுத் தொழில் என்றார்கள். எல்லாம் வேண்டும்தான். என்னைக் கேட்டால், மலையை விட்டு இறங்காத ஓர் ஆசிரியரை ஒவ்வொரு ஊருக்கும் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. அந்த ஆசிரியர் வேறு மாநிலச் சான்றிதழோடு மலையிலேயே உட்கார்ந்திருந்தால் அவரைப் பயன்படுத்திக்கொள்ள ஏன் கசக்கிறது?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்.

1. என்.சி.டி.இ. தன் நெறிமுறையில் இருக்கும் "கொள்ளலாம்" என்பதைக் "கொள்ள வேண்டும்" என்று மாற்ற வேண்டும். அதுவரை காத்திருக்காமல், தமிழ்நாடு அரசே ஓர் அரசாணை மூலம் சி.டெட்டையும் மற்ற மாநில டெட்டையும் போட்டித் தேர்வு எழுதும் தகுதியாக ஏற்கலாம். தமிழ்த் தகுதித் தாள் கட்டாயமாகவே இருக்கட்டும்.

2. என்.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற பட்டயத்துக்குத் தனி மதிப்பீடு வேண்டாம். உண்மைத்தன்மை மட்டும் போதும். அதையும் அலுவலகம் அலுவலகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். விண்ணப்பித்தவரைத் தபால்காரராக்கக்கூடாது.

3. அதற்கு ஒரு கெடு வேண்டும். அறுபது நாளில் பதில் வரவில்லை என்றால் தற்காலிகமாக ஏற்றுத் தேர்வு எழுத விட வேண்டும். பிறகு போலி என்று தெரிந்தால் வேலையை எடுங்கள், வழக்கும் போடுங்கள்.

4. டெட் வருடத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டும். இது சலுகை இல்லை, விதி.

5. கல்வராயன் மலை போன்ற இடங்களில், அங்கேயே குடியிருக்கும் தகுதியானவர்களுக்கு, அவர்கள் எந்த மாநிலத்தில் பயிற்சி பெற்றிருந்தாலும், முன்னுரிமை வேண்டும்.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை, புதுக் கட்டடம் வேண்டாம். ஓர் அரசாணையும் கொஞ்சம் மனசும் போதும்.

ஓய்வு பெற்ற நண்பர்களே, நம்முடைய பென்ஷனுக்கும் அகவிலைப்படிக்கும் கூட்டம் போடுகிறோம், மனு கொடுக்கிறோம். தப்பில்லை. அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு தீர்மானமாக வையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் உங்கள் ஊரில் இப்படி மாட்டிக்கொண்டிருக்கும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன், அந்த வேலையாவது எனக்கு இன்னும் மறக்கவில்லை.